எட்டுக் கார்பன் வால்

பசியோடு தொடர்புள்ள ஹார்மோன்களை ரத்தத்தில் தேடுவது என் தொழில். சொந்த ஊர் செங்கோட்டை. வேலை கற்றது சென்னையில், ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில். இந்தத் தொழிலுக்கு மூலதனம் ஆன்டிபாடி. விரல் நுனி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் குப்பி, அதன் அடியில் இரண்டு சொட்டு நிறமில்லாத திரவம், வெளியே லாட் எண் அச்சிட்ட லேபிள். அந்த இரண்டு சொட்டுக்குப் பல ஆயிரம் ரூபாய் பில் வரும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “காலியா இருக்கே மேடம்” என்பார்கள். சின்ன சென்ட்ரிஃபியூஜில் வைத்துச் சில விநாடி சுற்றி, மூடியில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கீழே இறக்கச் சொல்வேன். அவர்களுக்கு நான் நடத்தும் முதல் பாடம் அது.

இரண்டாவது பாடத்துக்கு நாளாகும். அந்தத் திரவம் பசியை அளக்காது. ஹார்மோனைக்கூட முழுசாகப் பார்க்காது. எங்கள் ஊரில் சிலர் இருட்டில் வருகிற ஆளை நடையை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவார்கள். ஆன்டிபாடியும் அப்படித்தான். ஹார்மோனின் ஒரு சிறு துண்டை, சில அமினோ அமிலங்கள் சேர்ந்த ஒரு மடிப்பை மட்டும் அது அடையாளம் காணும். அதே நடை இன்னொருவருக்கும் இருந்தால் ஏமாறும். உரிய ஆளே காலில் அடிபட்டு வந்தால் தெரியாமல் விட்டுவிடும். எந்தத் துண்டை அது பார்க்கிறது, எந்தத் துண்டை நாம் பார்க்க நினைக்கிறோம் என்கிற இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் ரிப்போர்ட்டில் வருகிற எண்ணுக்கு அர்த்தம் உண்டு.

இதை எனக்கு நன்றாகப் புரிய வைத்தது கிரெலின். 1999ல் ஜப்பானில் மசயாசு கொஜிமா, கென்ஜி கங்காவா குழுவினர் எலியின் இரைப்பையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். 28 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதத் துண்டு. இரைப்பையில் ஊறி, ரத்தத்தில் கலந்து, மூளைக்குப் போய்ச் சாப்பாட்டு நேரத்தை நினைவூட்டும் வேலையைச் செய்கிறது. இதன் வரிசையில் மூன்றாவதாக இருக்கும் செரீன் மீது ஆக்டனாயிக் அமிலம் என்கிற எட்டுக் கார்பன் கொழுப்பமிலம் ஒட்டியிருக்கும். லேபில் நாங்கள் அதை வால் என்போம். வால் இருந்தால்தான் ஏற்பியில் போய் உட்காரும். வால் கழன்ற கிரெலினும் ரத்தத்தில் ஓடுகிறது. சொல்லப்போனால் அதுதான் அதிகம். ஆனால் அந்த ஏற்பியை அது தூண்டுவதில்லை.

ஆகவே கிரெலினுக்கு இரண்டு வகை ஆன்டிபாடி வேண்டும். ஒன்று வால் இருக்கும் முனையைப் பிடிப்பது. வாலுள்ள கிரெலினை மட்டும் எண்ணும். மற்றது பின்முனையைப் பிடிப்பது. வால் உள்ளது, இல்லாதது இரண்டையும் சேர்த்து எண்ணும். கிட் வாங்குகிறவர்கள் பெட்டியின் மேல் ‘கிரெலின்’ என்று இருப்பதைப் பார்த்து வாங்கிவிடுவார்கள். உள்ளே இருக்கும் தாளில் எந்த முனை என்று இரண்டு வரி இருக்கும். ஆய்வின் தலையெழுத்து அந்த இரண்டு வரியில் இருக்கிறது.

இந்த ஆன்டிபாடியை உண்டாக்குவதும் லேசில்லை. 28 அமினோ அமிலம் என்பது முயலின் உடம்புக்கு ஒரு பொருட்டே இல்லை. கிரெலினை அப்படியே ஊசியில் ஏற்றினால் எதிர்ப்பு சரியாகக் கிளம்பாது. அதனால் ஒரு கடல் நத்தையின் ரத்தத்திலிருந்து எடுத்த கேஎல்எச் என்கிற பெரிய புரதத்தோடு இணைத்து ஊசி போடுவார்கள். சில வாரம் விட்டு மறுபடி பூஸ்டர். பிறகு முயலின் காதோரத்து நரம்பில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஆன்டிபாடி எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். இரண்டு முயலுக்கு ஒரே ஊசி போட்டாலும் இரண்டும் ஒரே ஆன்டிபாடியைத் தருவதில்லை. அந்த முயல் இறந்தால் அதோடு அந்த ஆன்டிபாடியும் முடிந்தது. இந்தச் சிக்கலைத் தீர்க்கும் மோனோகுளோனல் வழியை 1975ல் ஜார்ஜ் கோலரும் சேசர் மில்ஸ்டீனும் கண்டுபிடித்தார்கள்: ஒரே செல்லின் வம்சத்தை வளர்த்து, ஒரே மாதிரி ஆன்டிபாடியை வருஷக்கணக்கில் எடுப்பது. 1984ல் அதற்கு நோபல் பரிசு. ஆனாலும் இன்றுவரை பல கிட்டுகளில் ஒரு பக்கமாவது முயல் ஆன்டிபாடி இருக்கத்தான் செய்கிறது.

தென்காசி தனி மாவட்டம் ஆகாத காலத்தில், செங்கோட்டைப் பக்கம் ரத்த மாதிரி எடுக்கும் ஓர் ஆய்வுக்கு ஊர்க்காரி என்று என்னை அனுப்பினார்கள். வாலுள்ள கிரெலின் அளப்பதுதான் நோக்கம். ஆன்டிபாடி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அது பிளேட்டில் இறங்குவதற்கு முன்பே பாதி முடிவு ரத்தக் குழாயில் எழுதப்பட்டுவிடும் என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன்.

ரத்தத்திலேயே சில நொதிகள் இருக்கின்றன. அவை கிரெலினின் வாலைக் கழற்றிவிடும். நரம்பிலிருந்து குழாய்க்கு வந்த பிறகும் அந்த வேலை நிற்பதில்லை. அதனால் ரத்தம் எடுக்கும் ஈடிடிஏ குழாயை முன்கூட்டியே ஐஸில் புதைத்து வைத்திருக்க வேண்டும். அதற்குள் நொதியைத் தடுக்கும் மருந்து முதலிலேயே இருக்க வேண்டும். ரத்தம் விழுந்ததும் மெதுவாகத் தலைகீழாக நாலைந்து தரம் திருப்பி, மறுபடி ஐஸில் செருகி, குளிரூட்டிய சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே தெளிகிற பிளாஸ்மாவை எடுக்க வேண்டும். எடுத்த கையோடு பத்தில் ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்க வேண்டும். அமிலத்தில்தான் வால் நிலைக்கும். சேர்க்கும்போது தெளிவாக இருந்த பிளாஸ்மா லேசாகக் கலங்கும். பயப்பட வேண்டியதில்லை. கலக்கி, சின்னக் குப்பிகளில் பிரித்து, உறைய வைக்க வேண்டும்.

இதெல்லாம் சென்னையில் ஏசி அறையில் ஒரு பெஞ்சுக்குள் முடிகிற வேலை. செங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அறையில், ஜெனரேட்டரை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு செய்தோம். சாரல் காலம். ஆரியங்காவு கணவாய் வழியாக வருகிற காற்று சில்லென்று அறைக்குள் அடிக்கும். “இந்தக் குளிர்ல ஐஸ் எதுக்கு மேடம்?” என்று உதவிக்கு வந்த பையன் கேட்டான். உடம்புக்குக் குளிர்கிற காற்று நொதிக்குக் குளிர்வதில்லை என்று சொல்லி, ஐஸ் பெட்டியை அவன் பொறுப்பிலேயே விட்டேன். அதன் பிறகு ஐஸ் குறைந்தால் ரத்தம் எடுப்பவரையே நிறுத்தச் சொல்லும் அளவுக்கு அவன் தேறிவிட்டான்.

மைனஸ் 80 டிகிரி ஃபிரீசரில் எங்களுக்கு இடம் கிடைத்தது திருநெல்வேலியில், சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி. அதுவரை குப்பிகள் ட்ரை ஐஸில் இருக்க வேண்டும். ட்ரை ஐஸ் உருகாது, ஆவியாகும். ஆவியாவது கார்பன் டை ஆக்சைடு. தெர்மோகோல் பெட்டியை டேப் போட்டு இறுக ஒட்டினால் வெடிக்கும். மூடின காரில் வைத்துக்கொண்டு போனால் ஆளுக்கு மூச்சு முட்டும். பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாக ஜன்னலை இறக்கிவிட்டு, மழைச்சாரல் மடியில் விழ விழப் போவோம். போனதும் குப்பியின் எண், நேரம், ட்ரை ஐஸ் மிச்சம் எவ்வளவு என்பதை நோட்டில் எழுதிய பிறகுதான் டீ.

ரத்தம் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதுதான் பெரிய சோதனை. குற்றாலம் சீசன் நேரத்தில் பார்டர் புரோட்டாக் கடைகளில் ராத்திரி வெகுநேரம் கல் சூடாகவே இருக்கும். ஒரு டிரைவர் அண்ணாச்சி காலையில் வந்து உட்கார்ந்தார். “ராத்திரி என்ன சாப்ட்டிய அண்ணாச்சி?” என்றேன். “ரெண்டு இட்லிம்மா. அதுவும் எட்டு மணிக்கே.” குழாயைச் சுற்றி எடுத்தால் அமிலம் சேர்க்கும் முன்பே பிளாஸ்மா வெளுத்துக் கலங்கி நின்றது. சாப்பாட்டுக் கொழுப்பு இன்னும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். குழாயை அவரிடமே காட்டினேன். சிரித்துவிட்டார். “சவாரி முடிஞ்சு வர பன்னெண்டு ஆயிட்டு. கோழி சால்னாவ பாத்தா சும்மா வர முடியுமா?” அந்தக் குழாயைக் கணக்கில் சேர்க்கவில்லை. இன்னொரு நாள் உண்மையாகவே பட்டினி கிடந்து வந்தார்.

மற்றொரு காலையில் ஓர் ஆச்சி. கையை நீட்டிக்கொண்டே கேட்டார்: “ஏ தாயி, பசிக்குதுன்னு நான் வாய்விட்டுச் சொன்னா நம்ப மாட்டியளோ? ரத்தத்துல பாத்தாத்தான் நம்புவியளோ?” நியாயமான கேள்வி. நாங்கள் அதையும் எழுதத்தான் செய்தோம். பத்து சென்டிமீட்டர் கோடு ஒன்று போட்ட தாள். இந்த முனையில் ‘பசியே இல்லை’, அந்த முனையில் ‘பசி தாங்க முடியவில்லை’. எங்கே இருக்கிறீர்கள் என்று ஒரு கீற்று போடச் சொல்வோம். ஆச்சி அந்தக் கோட்டின் கடைசியையும் தாண்டி வெளியே கோடு கிழித்தார். மணி எட்டு, அவர் தினமும் சாப்பிடுகிற நேரம்.

2001ல் அமெரிக்காவின் சியாட்டிலில் டேவிட் கம்மிங்ஸ் குழு இதைத்தான் காட்டியது. ஒருவர் வழக்கமாகச் சாப்பிடுகிற நேரத்தை ஒட்டிக் கிரெலின் ஏறுகிறது, சாப்பிட்டதும் இறங்குகிறது. அப்படிப் பார்த்தால் எந்த மணிக்கு ரத்தம் எடுத்தோம் என்று தெரியாத கிரெலின் எண்ணால் பிரயோஜனம் இல்லை. எங்கள் மாதிரிகளிலும் கோடும் எண்ணும் ஒத்துப்போனவர்கள் இருந்தார்கள், போகாதவர்களும் இருந்தார்கள். பசி என்பது இரைப்பை, குடல், கொழுப்பு, தூக்கம், மனம், புரோட்டாக் கல்லின் சத்தம் எல்லாம் சேர்ந்தது. ஆன்டிபாடிக்குத் தெரிந்தது அதில் ஒரு நூல்.

மாதிரிகள் லேபுக்கு வந்த பிறகு வேலை எலைசா பிளேட்டில். 1971ல் ஸ்வீடனில் ஈவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மானும், அதே சமயம் நெதர்லாந்தில் இன்னொரு குழுவும் கொடுத்த முறை. அதற்கு முன் இந்த மாதிரி அளவெல்லாம் கதிரியக்க அயோடினை நம்பியிருந்தது. இன்சுலினுக்கு அந்த வழியைக் காட்டிய ரோசலின் யாலோவுக்கு 1977ல் நோபல் கிடைத்தது. எலைசாவில் கதிரியக்கத்துக்குப் பதில் நிறம். 96 குழி கொண்ட பிளேட்டின் அடியில் ஓர் ஆன்டிபாடி ஒட்டியிருக்கும். பிளாஸ்மாவை விட்டால் ஹார்மோனைப் பிடித்து நிறுத்தும். கழுவி, இரண்டாவது ஆன்டிபாடியை விட்டால் ஹார்மோனின் வேறொரு இடத்தில் போய் ஒட்டும். அதன் முதுகில் ஒரு நொதி இருக்கும். கடைசியில் டிஎம்பி என்கிற திரவத்தை விட்டால், ஹார்மோன் இருக்கிற குழியெல்லாம் நீலமாகும். கந்தக அமிலம் விட்டு நிறுத்தியதும் நீலம் அப்படியே மஞ்சளாக மாறும். 450 நானோமீட்டரில் ரீடர் அதைப் படிக்கும்.

கேட்க எளிதாக இருக்கும். கைப்பழக்கம் வேண்டிய வேலை. கழுவிய பிறகு பிளேட்டைக் கவிழ்த்து டிஷ்யூ தாளில் பட்டென்று தட்ட வேண்டும். ஒரு குழியில் துளி தங்கினாலும் அந்தக் குழி பொய் சொல்லும். ஓரக் குழிகள் சீக்கிரம் சூடாகி நடுக்குழிகளோடு ஒத்துப்போகாது. அதனால் ஒரே ஆளின் மாதிரிகளை ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என்று பிரித்துப் போடக் கூடாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பிளேட்டின் உறையை உடனே கிழித்தால் ஈரக்காற்று உள்ளே போய்க் குழிகளில் பனித்துவிடும். அறை வெப்பத்துக்கு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதும் வேலையில் சேர்த்திதான்.

ஆன்டிபாடியை நம்பலாமா என்பதற்கு எங்களிடம் சில பரீட்சைகள் உண்டு. தெரிந்த அளவு சுத்தமான ஹார்மோனை ஒருவரின் பிளாஸ்மாவில் கலந்து, போட்டது திரும்பக் கிடைக்கிறதா என்று பார்ப்போம். நூறு போட்டால் எண்பதிலிருந்து நூற்றிருபதுக்குள் வர வேண்டும். இன்னொன்று, பிளாஸ்மாவைப் பாதியாக, காலாக நீர்க்க வைத்து அளப்பது. எண்ணும் பாதியாக, காலாக வர வேண்டும். வராவிட்டால் ஆன்டிபாடி ஹார்மோனோடு வேறு எதையோ சேர்த்துப் பிடிக்கிறது. கிரெலினுக்கு மட்டும் நான் சேர்த்துக்கொண்ட பரீட்சை, வால் கழன்ற கிரெலினைத் தனியாகக் கொடுத்துப் பார்ப்பது. வாலைப் பிடிப்பதாகச் சொல்லும் ஆன்டிபாடி அங்கே வாய் மூடி இருக்க வேண்டும். சில கிட்டுகள் அங்கேயும் மஞ்சள் காட்டின.

ஒரு முறை கிட்டின் லாட் மாறியதும் எல்லோருடைய அளவும் ஒரே சீராக இறங்கியது. ஊர் முழுக்கப் பசி குறைந்துவிட்டதா என்ன? தயாரித்த கம்பெனிக்கு எழுதினோம். எங்கள் தர அளவுக்குள்தான் இருக்கிறது என்று ஒரு வரி பதில் வந்தது. பழைய மாதிரிகளில் சிலவற்றை ஃபிரீசரில் பத்திரமாக வைத்திருந்ததால் தப்பித்தோம். அவற்றை இரண்டு லாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, வித்தியாசம் ஆளில் இல்லை, குப்பியில்தான் என்று காட்டினோம். அதிலிருந்து ஓர் ஆய்வுக்கு வேண்டிய கிட்டுகளை ஒரே லாட்டில் மொத்தமாக வாங்கிவிடுவேன். இது எங்கள் பாடு மட்டும் இல்லை. 2015ல் ஆண்ட்ரூ பிராட்பரியும் ஆண்ட்ரியாஸ் புளூக்துனும் நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளைச் சேர்த்துக்கொண்டு ‘நேச்சர்’ இதழில் இதையே எழுதினார்கள்: தரம் தெரியாத ஆன்டிபாடிகளால் உலகம் முழுக்க ஆராய்ச்சிப் பணம் வீணாகிறது, ஆன்டிபாடியை அதன் மரபணு வரிசையோடு அறிவித்து ஒரே சீராகத் தயாரிக்க வேண்டும் என்று.

கிரெலினோடு மல்லுக்கட்டியவர்களுக்கு லெப்டின் ஓய்வு மாதிரி. 146 அமினோ அமிலங்கள், வால் கிடையாது, சாதாரண சீரத்திலேயே ஒழுங்காக இருக்கும். கொழுப்புத் திசுவிலிருந்து வந்து, கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குத் தெரிவிக்கிற ஹார்மோன். 1994ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு இதன் மரபணுவைக் கண்டது. அடுத்த மூன்றாம் வருஷமே, 1997ல், சென்னையில் ஏ. ராமச்சந்திரன், சி. சினேகலதா குழுவினர் நீரிழிவு இல்லாத இந்தியர்களின் லெப்டினை அளந்து, அதற்கும் வயிற்றுக் கொழுப்புக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டுவிட்டார்கள். 2002ல் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழு, புனேயில் பிறந்த குழந்தைகளையும் லண்டனில் பிறந்த வெள்ளையர் குழந்தைகளையும் தொப்புள்கொடி ரத்தத்தில் ஒப்பிட்டது. நம் குழந்தைகள் எடையில் குறைவு. ஆனால் லெப்டின் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரிகிற உடம்புக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கிறது என்பதைத் தராசு சொல்லவில்லை, ஆன்டிபாடி சொன்னது.

அதே 1997ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஸ்டீஃபன் ஓராஹிலி, சதாஃப் ஃபரூக்கி குழு இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதியது. பாகிஸ்தான் வழிக் குடும்பம், உறவில் திருமணம் செய்தவர்கள். எட்டு வயதுப் பெண் 86 கிலோ. அவள் உறவுத் தம்பி, இரண்டு வயது, 29 கிலோ. இவ்வளவு கொழுப்புக்கு லெப்டின் மிக அதிகமாக இருக்க வேண்டும். ஆன்டிபாடி அநேகமாக ஒன்றும் இல்லை என்றது. மரபணுவில் பிழை. லெப்டினை ஊசியாகக் கொடுத்தபோது அந்தப் பெண் ஒரு வருஷத்தில் 16 கிலோவுக்கு மேல் இறங்கினாள். 1999ல் அதை வெளியிட்டார்கள். அடங்காத பசியைக் குழந்தையின் பேராசை என்றும் தாயின் செல்லம் என்றும் பழி சொன்ன வாய்களை ஒரு ரத்தப் பரிசோதனை மூடியது.

2015ல் ஜெர்மனியின் உல்ம் நகரிலிருந்து இதற்கு மறுபக்கம் வந்தது. மூன்று வயதுகூட ஆகாத ஒரு பையனுக்கு அதே பசி, அதே பருமன். ஆனால் லெப்டின் தாராளமாக இருக்கிறது என்றது கிட். மார்ட்டின் வாபிட்ஷ் குழு விடாமல் மரபணுவைப் பார்த்தது. அவன் உடம்பில் ஓடிய லெப்டினில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. ஏற்பியில் அது உட்காரவில்லை. ஆன்டிபாடியோ தனக்குத் தெரிந்த துண்டைப் பார்த்து, ஆள் வந்துவிட்டார் என்று கையெழுத்துப் போட்டது. சரியான லெப்டினை ஊசியாகக் கொடுத்ததும் பசி அடங்கியது. ஆன்டிபாடி உருவத்தைப் பார்க்கும். வேலை செய்கிறதா என்று பார்க்காது. லேபில் இருக்கிறவர்களும் மருத்துவர்களும் சேர்ந்து யோசித்தால் ஒழிய அந்த இடைவெளி தெரியாது.

இப்போது எடை குறைப்புப் பேக்கேஜ்களில் பசி ஹார்மோன் சோதனை என்றெல்லாம் விளம்பரம் பார்க்கிறேன். இத்தனை வருஷம் இந்தக் குப்பிகளோடு வாழ்ந்தவள் என்கிற முறையில் என் தீர்ப்பு இது: கிரெலின் சோதனை ஆராய்ச்சிக்கு மட்டும். ஐஸும் அமிலமும் இல்லாமல் வீட்டுக்கு வந்து எடுத்துப் போகிற ரத்தத்தில் வாலுள்ள கிரெலினை அளந்தேன் என்று யாராவது ரிப்போர்ட் கொடுத்தால், அதற்குக் கொடுத்த பணத்துக்கு நல்ல காய்கறி வாங்கியிருக்கலாம். பருமனாக இருக்கும் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் அதிகமாகத்தான் இருக்கும். அதைத் தெரிந்துகொள்வதால் சிகிச்சை மாறாது. எந்த ஹார்மோன் சோதனைக்குப் போனாலும் முடி வளர என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். பயோட்டினை வைத்து இயங்கும் சில கிட்டுகளில் அது எண்ணைத் தாறுமாறாக்கும். ஆய்வுக்கு ரத்தம் கொடுக்கிறவர்கள் ராத்திரி சாப்பிட்டதை உள்ளபடி சொல்லுங்கள், புரோட்டாவாக இருந்தாலும் சரி.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் லெப்டின் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பிறந்த சில மாதத்திலிருந்தே எவ்வளவு கொடுத்தாலும் பசி அடங்காமல், எடை மளமளவென்று ஏறும் குழந்தை. அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள் கல்யாணம் செய்த பெற்றோர். நம் பக்கத்தில் இப்படிக் கல்யாணங்கள் புதிதல்ல. கொழுகொழுவென்று இருக்கிறது என்று கொஞ்சிக்கொண்டு நாளைக் கடத்தாமல், குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரிடம் காட்டுங்கள். லெப்டின் அளவு சரியாக இருந்தாலும் சந்தேகம் தீராவிட்டால் மரபணுவையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் குறைபாட்டுக்கு மருந்து இருக்கிறது.